இதெல்லாம் ஒரு மழையா?

இந்த இனத்தை அடையாளம் கண்டுகொள்ள உங்களுக்குத் தனிப் பயிற்சி எதுவும் தேவையில்லை. நீங்கள் வெளியூரிலிருந்து வந்த விருந்தாளி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷூவுக்குள் காலுறை சதக் சதக்கென்று பேசுகிறது. காலர் வழியாக உள்ளே இறங்கிய தண்ணீர் முதுகைத் தாண்டி இடுப்பில் வழி விசாரித்துக்கொண்டிருக்கிறது. உங்களுக்கு நாலடி முன்னால் ஒருவர், மடக்கிய குடையை நீட்டி, ஏதோ ஒரு கோபுரம் இருக்கவேண்டிய திசையைக் காட்டியபடி நடக்கிறார். அவர் திரும்பி உங்களை மேலும் கீழும் பார்த்து, “இதெல்லாம் ஒரு மழையா?” என்று கேட்டால் சந்தேகமே வேண்டாம். அவர் ஊர்காட்டி.

ஊர்காட்டி வேறு, வழிகாட்டி வேறு. வழிகாட்டி காசு வாங்குகிறார். மழை வலுத்தால் உங்களை ஒரு கூரைக்கடியில் நிறுத்திவிட்டுத் தானும் நின்றுகொள்வார். ஊர்காட்டி காசு வாங்குவதில்லை. அதனால்தான் அவரிடமிருந்து தப்பிக்க முடிவதில்லை. ஊரைக் காட்டுவது அவருக்குத் தொழில் அல்ல, மானப் பிரச்சினை. ஊரின் கற்களை அவரே செதுக்கினார், வானத்தை அவருடைய மாமனார்தான் சீதனமாகக் கொடுத்தார் என்கிற மாதிரி அவருக்கு ஒரு பொறுப்பு. வானம் ஒழுகினால் தன் வீட்டுக் கூரை ஒழுகுவதைப் பார்த்துவிட்டார்களே என்று கூசிப்போவார்.

புனிதர் சந்தியாகப்பர் அடங்கியிருக்கும் எங்கள் சந்தியாகோ நகரில் இந்த இனத்தில் தடுக்கி விழுந்தால் ஒருவர். வருஷத்தில் பாதி நாள் எங்களுக்கு மழை. மீதி நாள், முந்தின நாள் மழை மரத்திலிருந்து சொட்டும். ஆனால் ஊர்காட்டியின் அகராதியில் மழை என்ற சொல்லே கிடையாது. கண்ணுக்குத் தெரியாமல் விழுந்தால் அது பனி. தெரிந்து விழுந்தால் தூவானம். காற்றோடு வந்து கன்னத்தில் அறைந்தால் சாரல். குடை மேல்நோக்கிப் பிரிந்து கம்பியெல்லாம் பிதுங்கினால், “கொஞ்சம் காத்து.” தெருவில் தண்ணீர் கணுக்காலைத் தாண்டினால், “நேத்துப் பெஞ்சது, இப்பத்தான் வடியுது.”

நேற்று எப்படியிருந்தது என்று கேட்டுப் பாருங்களேன். “நேத்து வந்திருக்கணும் நீங்க! என்னா வெயில்!” என்பார். எங்கள் ஊரின் ஒரே கோடைகாலம் இந்த நேற்றுதான். அதற்கு நீங்கள் எந்த நாளில் வந்தாலும் ஒரு நாள் தாமதமாகத்தான் வருவீர்கள். பிறகு மேற்கே கடல் இருக்கும் பக்கம் கையை நீட்டுவார். வானம் மொத்தமும் ஈரச் சாம்பல் அப்பியது போல இருக்கும். அவருக்கு மட்டும் அங்கே ஒரு வெளுப்பு தெரியும். “வெளுத்துருச்சு பாருங்க. இன்னும் பத்தே நிமிஷம்.” அந்தப் பத்து நிமிஷம் எங்கள் ஊரில் பிறந்து, படித்து, வேலைக்குப் போய், ஓய்வு பெற்று வீட்டுக்கும் வந்துவிடும். நீங்கள் இன்னும் நனைந்துகொண்டிருப்பீர்கள்.

இந்த இனத்தின் மிகச் சிறந்த மாதிரி எங்கள் தெருவிலேயே இருக்கிறார். பெயர் அமாரோ. பூட்டு, ஆணி, தாழ்ப்பாள் விற்கும் கடை. எதிர்ச்சாரியில் என் அச்சுக்கடை. அவருக்கு ஒரே மகள், உஷியா. இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். அதே ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் ஹினேஸ் என்ற பையனும் அவளும் விரும்பினார்கள். நல்ல பையன், இரண்டு வீட்டிலும் ஒரு எதிர்ப்பும் இல்லை. பிரச்சினையெல்லாம் கல்யாணத்தை எந்த ஊரில் நடத்துவது என்பதில்தான்.

பெண் வீட்டு ஊரில் நடத்துவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். ஆனால் ஹினேஸ் தெற்கே, நாட்டின் மறுகோடியில் இருக்கும் அல்மேரியாக்காரன். ஆயிரம் கிலோமீட்டர். வழி தவறிய மேகம்கூட எட்டிப் பார்க்காத பொட்டல். அங்கே தக்காளித் தோட்டம் வைத்திருக்கும் அவனுடைய அம்மா காதோர் அம்மாள் விதவை, இவன் ஒரே பிள்ளை. “வந்து உங்க ஊரப் பாத்துட்டு எந்த ஊர்னு சொல்றேன்” என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டார். இந்த ஊர் பிடித்துவிட்டால் செப்டம்பரில், அமாரோவும் அவர் மனைவி தோரிண்டாவும் கைபிடித்த அதே ஆற்றங்கரைக் கோயிலில், உஷியா சின்னப் பிள்ளையிலிருந்து ஆசைப்பட்டபடி கல்யாணம். பிடிக்காவிட்டால் எங்கள் தெரு முழுவதையும் பஸ்ஸில் அடைத்து அந்தப் பொட்டலுக்கு ஓட்டிப் போவார்கள். எனக்கு பஸ்ஸில் குமட்டும். ஆகவே இந்த விஷயத்தில் நான் நடுநிலையாளன் அல்ல.

ஏப்ரல் மாதம் ஒரு சனிக்கிழமை காதோர் அம்மாள் வந்து, ஊர் பார்க்கக் கிளம்பினார். ஹினேஸுக்கு அன்று ஆஸ்பத்திரியில் வேலை. தோரிண்டா, “நான் கல்யாணமானதுலேர்ந்து நனைஞ்சது போதும், நீங்க போய்ட்டு வாங்க” என்று உள்ளே போய்விட்டார். அமாரோ என் கடைக்கு வந்து என்னைக் கையோடு இழுத்தார்.

“நீ ஒண்ணும் பேச வேணாம்யா. நான் சொல்றப்ப தலைய மட்டும் ஆட்டு.”

அவர் வீட்டு வாசலில் வானம் பொத்துக்கொண்டு கொட்டியது. காதோர் அம்மாள் வெள்ளைச் செருப்பும் மெல்லிய பருத்திக் கோட்டுமாக நின்றார். தோரிண்டா கொடுத்த மழைக்கோட்டை மடித்துக் கையில் வைத்திருந்தார். நான் ஒரு குடையை நீட்டப் போனேன். அமாரோ என் காலை மிதித்தார். விருந்தாளி கையில் குடையைக் கொடுப்பது குற்றத்தை ஒப்புக்கொள்வதற்குச் சமம்.

“சம்பந்தியம்மா, குடையெல்லாம் எதுக்கு? வீண் சுமை.”

“அப்பா, மழை பெய்யுதுப்பா,” என்றாள் உஷியா.

“எங்க?”

“உன் மூக்குல.”

“அது சளி.”

காதோர் அம்மாள் எங்கள் மூவரையும் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், “ம்” என்றார். அன்று மத்தியானம்வரை நாங்கள் அவரிடமிருந்து பெற்றது பெரும்பாலும் அந்த ஒரு “ம்” தான்.

முதலில் அலமேதா பூங்கா. அங்கிருந்து பார்த்தால் ஓட்டுக் கூரைகளுக்கு மேலே பேராலயம் முழுசாக எழுந்து நிற்கும். எங்கள் ஊர் வாழ்த்து அட்டைகளில் பாதி அங்கிருந்து எடுத்த படம்தான், அடித்துக் கொடுப்பவன் நான், எனக்குத் தெரியாதா? அன்று பேராலயமும் இல்லை, கூரையும் இல்லை, பூங்காவின் கைப்பிடிச் சுவருக்கு அப்பால் உலகமே இல்லை. வெறும் வெள்ளைப் புகை. ஊர்காட்டி இதற்கெல்லாம் அசருவாரா? அமாரோ மடக்கிய குடையால் புகையில் படம் வரைய ஆரம்பித்தார்.

“இங்க ஒரு கோபுரம் சம்பந்தியம்மா. அதே மாதிரி அந்தப் பக்கம் ஒண்ணு. நடுவுல சந்தியாகப்பர் நிக்கறாரு, கையில தடியோட. இதோ இங்க மணிக்கூண்டு. தெரியுதா?”

“ம்.”

“தெரியுதாம்யா!” என்று என்னிடம் மகிழ்ந்தார். நான் தலையை ஆட்டினேன். தலையிலிருந்த தண்ணீர் நாலாபக்கமும் தெறித்தது.

அடுத்தது விலார் தெரு. இருபுறமும் வீடுகளுக்கடியில் கல்தூண் வைத்த நடைகூடம் நீளமாக ஓடும். எங்கள் முன்னோர் வேறு எதற்காக இதைக் கட்டினார்கள் என்று நினைக்கிறீர்கள்? மழையில் நனையாமல் கோயிலுக்கும் சந்தைக்கும் போய்வரத்தான். அமாரோ தூணைத் தட்டிக்கொடுத்தார். “வெயிலுக்காகக் கட்டினது. அந்தக் காலத்துல இங்க வெயில் தாங்காது.” தூணில் விரல் கனத்துக்குப் பச்சைப்பாசி படர்ந்திருந்தது. காதோர் அம்மாள் அதைத் தடவிப் பார்த்தார். பிறகு நடைகூடத்தை விட்டு இறங்கி, கூரையில்லாத நடுத்தெருவில், கொட்டுகிற தண்ணீரில், மெதுவாக, தலையை நிமிர்த்தி நடந்தார்.

அமாரோவுக்கு முகம் வெளிறிவிட்டது. “கோவம்யா. நம்ம நிழல்லகூட நிக்கமாட்டேங்கறாங்க.”

பேராலயத்துக்குப் பின்னால் கல் சிங்கம் ஒன்று கூரை ஓரத்திலிருந்து வாயைப் பிளந்து தண்ணீரைக் கக்கிக்கொண்டிருந்தது. காதோர் அம்மாள் அதற்கு நேர் கீழே போய் நின்று உள்ளங்கையை நீட்டினார். பிறகு முழங்கையை. பிறகு தோளை.

“அங்க நிக்காதீங்க சம்பந்தியம்மா! அது மழை இல்ல, சிங்கம்!”

கோயில் வாசலில் நாடெல்லாம் நடந்து வந்த யாத்திரீகர் கூட்டம் ஒன்று தலையிலிருந்து கால்வரை ஊறிப்போய் நின்றிருந்தது. ஒருவர் தாடியைப் பிழிந்துகொண்டிருந்தார். அமாரோ முந்திக்கொண்டு விளக்கம் கொடுத்தார். “தூரம் பாருங்க, நடந்து வந்தவங்க. வேர்வை.” உள்ளே பீடத்துக்குப் பின்னால் படியேறிப் போய்ச் சந்தியாகப்பர் சிலையை எல்லோரும் பின்னாலிருந்து கட்டிக்கொள்வார்கள். காதோர் அம்மாளும் கட்டிக்கொண்டார், நெடுநேரம். உதடுகள் அசைந்தன. இறங்கி வந்தபோது கண் சிவந்திருந்தது. “நம்மளப் பத்திப் புகார் சொல்லிட்டு வர்றாங்க,” என்று அமாரோ என் காதில் நடுங்கினார். உஷியா காலையிலிருந்து தன் வருங்கால மாமியாரின் முகத்தையே படித்துக்கொண்டிருந்தாள், பாவம், அதில் ஒரு வரியும் புரியவில்லை அவளுக்கு.

மத்தியானம் ஒரு சாப்பாட்டுக் கடைக்குள் ஒதுங்கினோம். மிளகாய்த்தூள் தூவிய ஆக்டபஸ் மரத்தட்டில் வந்தது, வெள்ளைப் பீங்கான் கிண்ணங்களில் திராட்சை மது வந்தது. உள்ளே கதகதப்பான மூலை காலியாக இருந்தும் காதோர் அம்மாள் வாசலோரத்து மேஜையைப் பிடித்து, தெருவைப் பார்த்து உட்கார்ந்தார். சாப்பிட்டுக்கொண்டே, வானத்திலிருந்து கண்ணை எடுக்காமல், முதல் தடவையாக ஒரு முழு வாக்கியம் பேசினார்.

“இங்க எப்பவும் இப்படித்தானா?”

அமாரோ காத்திருந்தது இந்தக் கேள்விக்குத்தான். “ஐயையோ, இல்லவே இல்ல! ஏதோ இன்னைக்கு ஒரு நாள், உங்க நேரம். நேத்து நீங்க பாத்திருக்கணும்!”

“செப்டம்பர்ல?”

“ஒரு சொட்டு விழாது. நீங்க எதுக்கும் கவலப்படாதீங்க. சந்தியாகப்பர் மேல ஆணை!”

“ம்,” என்றார் காதோர் அம்மாள். இந்த “ம்” மற்றதைவிடக் கொஞ்சம் நீளமாக, கீழே இறங்கிப் போயிற்று. அமாரோ அதை நிம்மதிப் பெருமூச்சு என்று கணக்கிட்டார். பெருமூச்சுகளை மொழிபெயர்ப்பதில் ஊர்காட்டியை மிஞ்ச ஆளில்லை.

உஷியா அப்பாவைக் கடைக்குள்ளே தள்ளிக்கொண்டு போனாள். “அப்பா, இன்னைக்கு ஊர் சுத்தி முடிச்சதும் முடிவச் சொல்லிடறேன்னு ஹினேஸ்கிட்ட சொல்லியிருக்காங்க. முகத்தப் பாத்தியா? எனக்குப் பயமா இருக்குப்பா. அந்தக் கோயில்ல இல்லாம வேற எங்கயோ, தெரியாத ஊர்ல...”

அமாரோ மகளின் ஈரத் தலையைத் தடவினார். என்ன இருந்தாலும் அப்பா அல்லவா? ஒரு கணம் அந்த மனிதர் நிஜமாகவே கலங்கிவிட்டார். பிறகு நிமிர்ந்து, “முட்டை!” என்றார்.

சொல்ல மறந்துவிட்டேன். எங்கள் பக்கத்தில் கல்யாணத்தன்று மழை பெய்யாமலிருக்கவேண்டுமானால், மேட்டுத் தெருவில் இருக்கும் புனித கிளாராவின் மடத்துக்கு முட்டை கொண்டுபோய்க் கொடுத்து, கன்னியரை ஜெபிக்கச் சொல்வார்கள். மழையே பெய்யாத ஊரில் இப்படி ஒரு வழக்கம் எப்படி வந்தது என்று எந்த ஊர்காட்டியிடமும் கேட்டுவிடாதீர்கள். சண்டைக்கு வருவார்.

அமாரோவும் நானும் சந்தைக்கு ஓடி இரண்டு அட்டை முட்டை வாங்கி, ஆளுக்கொன்றாக ஏந்திக்கொண்டு மேட்டில் ஏறினோம். காகித அட்டையும் எங்கள் ஊர் வானமும் எவ்வளவு நேரம் நண்பர்களாக இருக்கமுடியும்? பாதி வழியில் அட்டை கஞ்சியாகக் கரையத் தொடங்கியது. அமாரோவின் அட்டையின் அடிப்பக்கத்திலிருந்து முட்டைகள் ஒவ்வொன்றாக எட்டிப்பார்த்து, கருங்கல் படியில் குதித்து உயிரை விட்டன. ஒவ்வொன்றுக்கும் அமாரோ நின்று, திரும்பிப் பார்த்து, “அட்டை மோசம்யா. மழையில்ல, அட்டை மோசம்” என்றார். கடைசியில் மிஞ்சியதைத் தொப்பியிலும் கோட்டுப் பையிலும் போட்டுக்கொண்டு மடத்துக் கதவைத் தட்டினோம்.

அந்தக் கன்னியர் வெளி ஆட்களுக்கு முகம் காட்டுவதில்லை. சுவரில் பொருத்திய ஒரு மர உருளை சுழலும். பொருளை அதில் வைத்தால் உள்ளே போகும். உருளைக்குப் பின்னாலிருந்து வயதான ஒரு குரல் மட்டும் வந்தது.

“யாருக்குக் கல்யாணம்?”

“என் பொண்ணுக்கு மதர். செப்டம்பர்ல.”

“ஏப்ரல்லயே வந்துட்டீங்களே, ரொம்ப முன்யோசனை.”

“இல்ல மதர், மழை இப்பவே நிக்கணும். ரொம்ப அவசரம்.”

“இப்பவேவா? ஆக்கப்பொறுத்தவங்களுக்கு ஆறப்பொறுக்கல போலிருக்கு. எதுவரைக்கும் நிக்கணும்?”

அமாரோ யோசித்தார். வியாபாரி அல்லவா, மொத்தமாக வாங்கினால் லாபம் என்று மூளை போயிற்று. “செப்டம்பர் வரைக்கும் இருந்துட்டுப் போகட்டும் மதர். நடுவுல விட வேணாம்.”

உருளை சுழன்றது. முட்டைகள் உள்ளே போயின. உள்ளேயிருந்து ஒரு பெருமூச்சும், “தொப்பிய எடுத்துக்குங்க” என்ற வார்த்தையும் வந்தன.

நீங்கள் நம்பமாட்டீர்கள். நானும் நம்பியிருக்கமாட்டேன். நாங்கள் மேட்டிலிருந்து இறங்கி, அவர்களைக் கூட்டிக்கொண்டு பேராலயத்தின் முன் சதுக்கத்துக்கு வந்து சேர்ந்தபோது மழை பட்டென்று நின்றது. மேகம் விலகியது. வெயில் வந்து ஈரக் கருங்கல் முழுக்கப் பொன் பூசியது. காலையில் குடையால் வரைந்துகாட்டிய கோபுரங்கள் நிஜமாகவே இருந்தன. யாத்திரீகர்கள் கைதட்டினார்கள். அமாரோ இரண்டு கையையும் விரித்து, அந்த வெயிலுக்குப் பில் கட்டியவரே தான்தான் என்பது போல நின்றார்.

“பாத்தீங்களா சம்பந்தியம்மா! நான் சொல்லல? இதான் எங்க ஊரு! வருஷம் பூரா இப்படித்தான்!”

காதோர் அம்மாள் கைப்பையைத் திறந்தார். கறுப்புக் கண்ணாடியை எடுத்து, வேண்டாத விருந்தாளிக்குக் கதவு திறப்பவர் போல, மனசில்லாமல் மாட்டிக்கொண்டார்.

“வந்துருச்சா,” என்றார்.

“வந்துருச்சு!”

“சரி சம்பந்தி. அப்ப கல்யாணத்த எங்க ஊர்லயே வெச்சுக்கலாம்.”

உஷியா அப்படியே ஈரக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். அமாரோவின் விரித்த கைகளுக்கு மடங்கும் வழி மறந்துபோயிற்று.

“ஏன்? ஏன் சம்பந்தியம்மா? இவ்வளவு வெயில்...”

“அதத்தான் சொல்றேன். எங்க ஊர்ல மழை பெஞ்சா டீச்சருங்க பாடத்த நிறுத்திட்டுப் பிள்ளைங்கள ஜன்னல்கிட்ட கூட்டிட்டுப் போய்க் காட்டுவாங்க. என் வீட்டுக்காரர் தக்காளிக்குத் தண்ணியில்லாம, சாகற வரைக்கும் அண்ணாந்தே பாத்துட்டிருந்த மனுஷன். இன்னைக்குக் காலையில உங்க வாசல்ல நின்னப்ப எனக்கு வாயத் தொறந்தா அழுதுடுவேன்னு இருந்துச்சு. அதான் பேசல. சந்தியாகப்பரக் கட்டிக்கிட்டு, என் பையன் கல்யாணத்தன்னைக்கும் இதே மாதிரி கொட்டணும்பான்னு வேண்டிக்கிட்டேன். என் தங்கச்சிங்க, நாத்தனாருங்க அத்தன பேரையும் கூட்டியாந்து ஆசை தீர நனைய விடணும்னு இருந்தேன். நீங்கதான் ஒரு சொட்டு விழாதுன்னுட்டீங்களே. வெயிலுக்காக இவ்வளவு தூரம் எதுக்கு வரணும்? அது எங்க வீட்டு வாசல்லயே சும்மா கெடக்கு.”

இப்படி ஒரு நிலைமை எந்த ஊர்காட்டிக்கும் வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அமாரோ விரித்த கைகளை ஒருவழியாக இறக்கினார்.

“சம்பந்தியம்மா, இங்க... கொஞ்சம் தூவானம் விழும்.”

“தூவானம் எங்களுக்கு எதுக்கு?”

“சாரல்கூட அடிக்கும்.”

“காலையில பெஞ்சது என்ன?”

“அது... மழைதான்.”

“மழையில்லன்னீங்க. வேர்வைன்னீங்க. சிங்கம்னீங்க. சந்தியாகப்பர் மேல ஆணை வெச்சீங்க. அப்ப அது பொய்யா? பொய்ச் சத்தியம் பண்றவங்க வீட்டுலயா நான் சம்பந்தம் பண்ணப்போறேன்?”

பார்த்தீர்களா மாட்டிக்கொண்ட லட்சணத்தை? மழை உண்டு என்றால் பொய்யர். இல்லை என்றால் கல்யாணம் அல்மேரியாவில். அமாரோ என் பக்கம் திரும்பினார். என்ன செய்வது? நான் தலையை ஆட்டினேன். அந்த ஆட்டத்துக்கு அர்த்தம் எனக்கே தெரியாது.

அடுத்த கணம் அவர் ஓடினார். மேட்டுத் தெருவை நோக்கி, முட்டை ஓடுகளை மிதித்துக்கொண்டு, அந்த உடம்போடு. நான் பின்னால் ஓடினேன். என் பின்னால் உஷியா, அவளுக்குப் பின்னால் வெள்ளைச் செருப்பு. அமாரோ எதையும் கவனிக்கவில்லை. உருளையைக் கட்டிக்கொண்டு கத்தினார்.

“மதர்! நிறுத்துங்க மதர்! ஜெபத்த நிறுத்துங்க!”

“முட்டை வாணலிக்குப் போயாச்சுப்பா.”

“வேற முட்டை கொண்டு வர்றேன். மழை பெய்யணும் மதர்!”

“முட்டை கொடுத்தா மழை நிக்கணும்னு ஜெபிப்போம். பெய்யணும்னா என்ன கொடுக்கணும்னு எங்களுக்கே தெரியாது. இந்த ஊர்ல இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல.” குரல் உருளைக்கு இன்னும் நெருங்கி வந்தது. “நீங்க பூட்டுக்கடை அமாரோதானே? தாழ்ப்பாள் மாட்ட வந்தப்ப இந்த ஊர்ல மழையே கெடையாதுன்னு ஒரு மணி நேரம் பேசினீங்களே?”

அவ்வளவுதான். அந்த மனிதருக்குள் ஏதோ ஒரு மதகு திறந்துவிட்டது.

“பெய்யும் மதர்! தினமும் பெய்யும்! அந்தத் தாழ்ப்பாள் மாட்டறதுக்கு முன்னாடியே துருப்பிடிச்சிருந்துச்சு, வெள்ளப் பெயின்ட் அடிச்சுக் கொண்டாந்தேன். என் கடையில பாதிப் பூட்டு சாவி போட்டாத் தெறக்காது. என் வீட்டு பீரோவுல ஷூ மேல பூஞ்சை வளருது. ஒரு சட்டை காயறதுக்குள்ள அடுத்த ஞாயித்துக்கிழமை வந்துரும். என் கல்யாணத்தன்னைக்குக் கூரையில கொட்டின சத்தத்துல சாமியார் என்ன கேட்டாருன்னே காதுல விழல, குத்துமதிப்பாத்தான் சம்மதம்னு சொன்னேன். தோரிண்டாவோட முக்காடு முகத்துல ஒட்டிக்கிச்சு. மூச்சு விட முடியாம சிரிச்சா பாருங்க மதர், நாங்க ரெண்டு பேரும் பீடத்துக்கு முன்னாடி நின்னு சிரிச்சோம். அந்த மாதிரி ஒரு நாள் எனக்கு அப்புறம் வரவேயில்ல. என் பொண்ணுக்கும் அதே கோயில்ல அப்படி ஒரு நாள் கெடைக்கணும் மதர். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்.”

உஷியா போய் அப்பாவின் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அப்போதுதான் அவர் திரும்பி, மூச்சிரைக்க நின்ற காதோர் அம்மாளைப் பார்த்தார்.

காதோர் அம்மாள் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“நல்லா நனைஞ்சீங்களா அன்னைக்கு?”

“உள்பனியன் வரைக்கும், சம்பந்தியம்மா.”

“இத காலையிலேயே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன? இங்கயே வெச்சுக்குங்க கல்யாணத்த. ஆனா ஒண்ணு. நிச்சயதார்த்தம் எங்க ஊர்ல. ஆகஸ்ட்ல. நீங்க எல்லாரும் வந்தாகணும்.”

உஷியா அப்பாவை விட்டுவிட்டு மாமியாரைக் கட்டிக்கொண்டாள். அமாரோ எதற்கும் இருக்கட்டும் என்று உருளைக்கு ஒரு கும்பிடு போட்டார். பிறகு மெல்லத் தொண்டையைச் செருமினார். “ஆகஸ்ட்லயா? அங்க அப்ப வெயில் ரொம்ப...”

“வெயிலா?” காதோர் அம்மாள் சட்டென்று நிமிர்ந்தார். “எங்க ஊர்லயா? யார் சொன்னது? கடல் காத்து சிலுசிலுன்னு வரும். சாயந்தரமானா சால்வை கேக்கும்!”

போனோம். எனக்கு வழியெல்லாம் குமட்டியது. அல்மேரியாவில் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் தோரிண்டாவின் செருப்பு தார் ரோட்டில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. தக்காளிப் பந்தல்களுக்கு நடுவே எங்களை நடத்திக்கொண்டு, மடக்கிய கைவிசிறியால் மலை இருக்கும் திசையைச் சுட்டிக் காட்டியபடி காதோர் அம்மாள் முன்னால் போனார். அமாரோ மூஞ்சியெல்லாம் இறால் மாதிரி சிவந்து, ஒரு சுவரின் முழ நிழலில் ஒட்டிக்கொண்டு, “சம்பந்தியம்மா, இந்த வெயில்...” என்று முனகினார். அந்த அம்மாள் திரும்பி அவரை மேலும் கீழும் பார்த்தார். “இது வெயில் இல்ல சம்பந்தி. வெளிச்சம்.”

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். உங்களுக்கென்ன, நீங்கள் மழைக்கும் பொறுப்பில்லை, வெயிலுக்கும் பொறுப்பில்லை. ஆனால் போன மே மாதம் உங்கள் வீட்டுக்கு வந்து தங்கிவிட்டுப் போனாரே ஒரு விருந்தாளி, அவரை நான் சந்தித்தேன். கைக்குட்டையைப் பிழிந்துகொண்டிருந்தவரிடம் “இந்த வருஷம் பரவால்ல” என்றீர்களாம். கரண்ட் போனபோது “இங்க போகவே போகாதே, இன்னைக்கு என்னமோ” என்றீர்களாம். அதெல்லாம் போகட்டும். ராத்திரி முழுக்கக் கடிபட்டு வீங்கிய கையை அவர் காட்டியபோது, எங்கள் தெருவில் கொசுவே கிடையாது, நீங்கள்தான் உங்கள் ஊரிலிருந்து பெட்டியில் கொண்டுவந்திருப்பீர்கள் என்று சொன்னீர்களாமே, நிஜமா?